ஏழாவது கட்டத்தில் எரிந்த லைட்

என் விளம்பரப் படத்துக்கு வந்த பாராட்டில் முக்கால்வாசி மானுக்குத்தான். சோலார் பூட்டுகிற என் சின்னக் கடைக்காகச் செய்த 90 விநாடி அனிமேஷன் வீடியோ அது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு புள்ளிமான் தெருவைக் கடந்து போகும். திருகோணமலைப் படத்தில் மான் இல்லாமல் எப்படி என்று நானே ஒற்றைக்காலில் நின்று போடவைத்த மான். கோட்டை வாசலில் நின்றுகொண்டு கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்களின் கையையே பார்க்குமே, டவுனுக்குள் வந்து வாழைப்பழத் தோலுக்கும் பொலித்தீனுக்கும் அலையுமே, அதே மான். பேஸ்புக்கில் போட்ட அன்று இரவே கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் இங்கே ஊருக்குள் உவர்மலையில் இருந்தும் ஒரே கருத்துத்தான் வந்தது. மான் வடிவாயிருக்கு. எத்தனை கிலோவாட், என்ன விலை, கூரை தாங்குமா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பார்க்கிறவர்கள் படத்தைத்தான் பார்க்கிறார்கள், பேச்சைக் கேட்கவில்லை என்று அந்த மான் அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் விளங்கவில்லை.

வீடியோ எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் கரண்ட் வெட்டு இருந்த விதம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஆட்கள் கூடினார்கள். கேள்விகளும் கூடின. 2016இல் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது மின்சார சபைக்குக் கொடுக்கிற யூனிட்டுக்கு முதல் ஏழு வருஷம் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம் என்று இருந்தது. அதுக்குப் பிறகு அந்தக் கணக்குப் பலமுறை மாறிவிட்டது. நெட் மீட்டரிங் என்றால் என்ன, நெட் அக்கவுண்டிங் என்றால் என்ன, ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 100, 120 யூனிட் வருமா, மாரியில் எவ்வளவு குறையும், ஓட்டுக் கூரைக்கு மேல் ஏறினால் ஓடு உடையுமா, கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்குமா. ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் நாலு பேருக்கும் அரை மணித்தியாலம். தொண்டை கட்டிப்போகும். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருகிறது வருகிறது என்று வருஷக்கணக்காகப் பேசி, 2016இல் அதைக் கைவிட்டு, இப்போது அதே பக்கத்தில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் என்று வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இதையெல்லாம் சனத்துக்குச் சொல்ல ஒரு படம்கூட எங்கள் தமிழில் இல்லை. என்னோடு வேலை செய்கிற பொடியன்தான் சொன்னான்: "அண்ணை, ஒரு அனிமேஷன் செய்து போனில போட்டுக் காட்டினா முடிஞ்சுது."

சரி என்று இறங்கினேன்.

மொட்டை மாடியும் புகைபோக்கியும்

ஸ்டூடியோ கொழும்பில். பெயர் வேண்டாம். அவர்கள் மோசமான ஆட்கள் இல்லை, வேலை தெரிந்த பிள்ளைகள். ஒரு கிலோவாட் சோலார் பூட்டுகிற காசு கேட்டார்கள். பாதி முற்பணம். ஸ்கிரிப்ட், வொய்ஸ், ஸ்டோரிபோர்ட் (படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவது), அனிமேஷன், மியூசிக் என்று வரிசை, ஒவ்வொரு படியிலும் இரண்டு திருத்தம் இலவசம், ஒரு படி முடிந்து அடுத்த படிக்குப் போன பிறகு பழைய படியை மாற்றக் கேட்டால் தனிக் காசு. இது நியாயம்தான். கொங்கிரீட் போட்ட பிறகு அத்திவாரத்தை ஒரு அடி தள்ளச் சொன்னால் மேசன் சும்மா விடுவாரா? முதன்முறை ஒரு படம் செய்விக்கிற ஆளுக்கு இந்த வரிசைதான் விளங்காது. நாங்கள் கடைசியில் வருகிற வண்ணப் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லலாம் என்று காத்திருப்போம். அங்கே மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்கிரிப்ட் முதலில் இங்கிலீஷில் வந்தது, அதைத் தமிழாக்கி வேறு யாரோ அனுப்பினார்கள். தமிழைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எழுதினவர் நம்மட பக்கம் இல்லை. "மின்சார வாரியம்" என்று இருந்தது. இங்கே மின்சார சபை. "உங்கள் மொட்டை மாடியில்" என்று இருந்தது. நம்மூரில் பாதி வீட்டுக்கு ஓடு, மிச்சப் பாதிக்கு சீற், தட்டு வீடு கட்டினவர்கள் கொஞ்சப் பேர், அவர்களும் அதை மொட்டை மாடி என்று சொல்வதில்லை. ஆட்டோ ஓட்டோவானது, ரூபாய் ரூபாவானது. இரண்டு திருத்தமும் இதற்கே செலவாகிப் போனது. ஸ்டோரிபோர்ட்டில் முதல் வீட்டுக்குப் புகைபோக்கி இருந்தது. கூரை செங்குத்தாக, பனி வழுக்கி விழுகிற மாதிரி. பனலும் அதே சரிவில். திருகோணமலை நிலநடுக்கோட்டில் இருந்து எட்டரைப் பாகை வடக்கே இருக்கிற ஊர். சூரியன் தலைக்கு மேலே நிற்கும். இங்கே பனலைத் தெற்கே பார்க்க ஒரு பத்துப் பாகை சரித்தால் போதும், அதுவும் பாதி மழைத்தண்ணி தூசியைக் கழுவிக்கொண்டு ஓடட்டும் என்பதற்காக. புகைபோக்கியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு தென்னைமரம் வைத்தார்கள். அதன் நிழல் நேரே பனலில் விழுந்தது. ஒரு பனலில் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் உற்பத்தியே குறைந்துவிடும் என்று வருகிற ஒவ்வொருத்தருக்கும் வாய் நோகச் சொல்கிற ஆள் நான். தென்னைமரம் தெருவுக்கு அந்தப் பக்கம் போனது.

வொய்ஸ் ஓவரில் வேறு கதை. இங்கிலீஷ் ஸ்கிரிப்ட்டை 90 விநாடிக்கு அளந்து எழுதியிருந்தார்கள். அதையே தமிழில் நிதானமாக வாசித்தால் இரண்டு நிமிஷம் தாண்டும். தமிழ்ச் சொல்லின் நீளம் அப்படி. "பொருத்திக்கொள்ளலாம்" என்பதை வாயால் சொல்லிப் பாருங்கள். வெட்டுவதற்கு மனம் வராமல் வாசிக்கிறவரைக் கொஞ்சம் விரைவாக வாசிக்கச் சொன்னார்கள். வந்த குரல் விடியற்காலையில் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவரின் குரலாக இருந்தது. மூச்சு வாங்க இடமில்லை. எழுத்தும் சதி செய்தது. கடைசியில் வருகிற "பொருத்துங்கள்" என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கென்று ஒரு தனித் தெரிவு இருக்கிறது, அதைப் போடாவிட்டால் யூனிகோட் தமிழ் இப்படித்தான் கழன்று விழும். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவருக்கு எல்லாக் கொம்பும் ஒன்றுதான். நம்மட அச்சகங்களில் இன்றைக்கும் ஏன் பாமினி என்ற பழைய எழுத்துருவை விடமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. சொல்லித் திருத்தினோம்.

இவ்வளவையும் எழுதக் காரணம் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று காட்டத்தான். புகைபோக்கியைப் பிடித்தேன். நிழலைப் பிடித்தேன். ஒற்றைக்கொம்பைப் பிடித்தேன்.

வெட்டிப்போட்ட ஒரு வசனம்

முதல் நாள் ஸ்டூடியோவுக்கு நான் அனுப்பிய குறிப்பில், கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியது, எட்டாவது வரி இது: "கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். பற்றரி வேண்டுமென்றால் தனிக் காசு." கடையில் நான் எல்லாருக்கும் சொல்கிற வரி. சொல்லுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்டில் அந்த வரி இல்லை. கேட்டேன். முதல் படத்திலேயே குறையைச் சொல்லக் கூடாது அண்ணா, ஆள் பாதியில் போய்விடும், அதை நேரில் வருகிறபோது சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். யோசித்தேன். அதுவும் சரிபோலத்தான் இருந்தது. இடமும் இல்லை, ஏற்கெனவே மீன் ஏலம். அப்புறம், உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்த வரி இல்லாதது ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது. கடையில் அந்த வரியைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் விழுவதைப் பார்த்திருக்கிறேன். 13 மணித்தியால இருட்டை அனுபவித்துவிட்டு வந்திருக்கிற ஆள், கரண்ட் போகாமல் இருக்க வந்த ஆள். படத்தில் அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. சரி, எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஸ்டோரிபோர்ட் பன்னிரண்டு கட்டமாக வட்ஸ்அப்பில் வந்த அன்று நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் கூரையில் நின்றேன். மே மாதம், சீசன் தொடங்குகிற நேரம், வேலையை அந்தக் கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். சீற் கால் வைக்க முடியாத சூடு. போன் திரையில் என் முகமும் ஆகாயமும்தான் தெரிந்தன. கையால் நிழல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மான் வந்துவிட்டதா, வந்துவிட்டது. புகைபோக்கி போய்விட்டதா, போய்விட்டது. கட்டை விரலைத் தூக்கி அனுப்பினேன். அப்புறம் "சுப்பர்" என்று ஒரு சொல்.

ஏழாவது கட்டத்தில் இரவு. ஒரு தெரு. எல்லா வீடும் இருட்டு. நடுவில் கூரையில் பனல் உள்ள வீட்டில் மட்டும் மஞ்சள் வெளிச்சம், ஜன்னலில் ஒரு அம்மாவும் பிள்ளையும்.

அந்த நேரத்தில் ஓடுகிற வசனம் என்ன தெரியுமா? "உங்கள் வீட்டுக்கு ஒரு புதிய வெளிச்சம்." அவ்வளவுதான். வசனத்தில் பொய் இல்லை. விளம்பரத்தில் எல்லாரும் சொல்கிற சும்மா வரி. அதை வரைய வந்தவர் தன் தொழிலைச் செய்திருக்கிறார். வெளிச்சத்தைக் காட்ட வேண்டும் என்றால் சுற்றிவர இருட்டு வேண்டும். ஓவியம் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். கறுப்புத் தெரு, மஞ்சள் ஜன்னல், படத்திலேயே வடிவான கட்டம் அதுதான். நான் வெட்டிப்போட்ட வசனம் விட்டுப்போன இடத்தில், அதற்கு நேர் எதிரான படம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரவில் சோலார் வேலை செய்யாது என்ற சின்னப் பிள்ளைக் கணக்குக்கூட அந்தக் கூரையில் நின்ற எனக்கு ஓடவில்லை.

நாடு முழுக்கப் போகட்டும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி தாண்டி நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, அதை வைத்து உலகமே சிரித்தது. பிறகு சபை சொன்ன விளக்கத்தில், ஞாயிறு என்பதால் பாவனை குறைவு, கூரைச் சோலார் உற்பத்தி கூட, அதனால் ஒரு அதிர்ச்சியைத் தாங்குகிற பலம் வலையமைப்புக்கு இல்லாமல் போனது என்றும் இருந்தது. என் தொழிலுக்கும் அந்தக் குரங்குக்கும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த முதல் போன் உவர்மலையில் இருந்து. ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர். என்னைப் படிப்பித்தவர் இல்லை, ஆனால் ஊரில் பாதிப் பேரைப் படிப்பித்தவர். மூன்று மாதத்துக்கு முதல்தான் அவர் வீட்டில் ஐந்து கிலோவாட் பூட்டினோம். மகன் வெளிநாட்டில் இருந்து என் வீடியோவைப் பார்த்து, தாய்க்கு அனுப்பி, தாய் பார்த்து, ஓம் என்று சொல்லி வந்த வேலை. வீடியோவால் வந்த வேலை என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒரே வேலை.

"தம்பி, கரண்ட் போயிட்டுது."

"ஓம் ரீச்சர். நாடு முழுக்கப் போயிட்டுதாம்."

"நாடு முழுக்கப் போகட்டும். எங்கட வீட்டில ஏன் போனது?"

எனக்கு உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.

"வெளியில வெயில் கொழுத்துது தம்பி. மேல பனல் முழுக்க வெயில்தான். உள்ள ஃபேன் நிக்குது. நான் முத்தத்தில நிண்டு கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"ரீச்சர், அது அப்பிடித்தான். லைன்ல கரண்ட் இல்லாட்டி, பனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துற இன்வேர்ட்டர் பெட்டி தானா நிண்டிரும். கொட்டேஷன்ல போட்டிருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. கொட்டேஷனில் இருந்தது உண்மை. இரண்டாம் பக்கம், நிபந்தனைகளில் ஒன்பதாவது, இங்கிலீஷில், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத அளவில்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, கோபமே இல்லாமல், கணக்கில் பிழை விட்ட பிள்ளையைக் கேட்கிற மாதிரி: "உங்கட படத்தில நிக்கேல்லையே தம்பி."

போனை வைத்துவிட்டு வீடியோவைத் திறந்தேன். எத்தனையோ தரம் பார்த்த படம். இந்தத் தரம் ஏழாவது கட்டம் வந்ததும் நிறுத்தினேன். ஆறு விநாடி. கறுப்புத் தெரு, மஞ்சள் ஜன்னல். பக்கத்தில் இருந்த பொடியனிடம் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். முதல் தரம் பார்க்கிற ஆள் மாதிரிப் பார், என்ன சொல்லுது என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "எல்லாருக்கும் கரண்ட் போனாலும் எங்களுக்குப் போகாது எண்டுது." மூன்று வருஷமாகக் கூரை ஏறி வேலை செய்கிறவன் அவன். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். அவனும் பலமுறை பார்த்த படம்தான்.

பேஸ்புக்கில் வீடியோ பெரும்பாலும் சத்தம் இல்லாமல்தான் ஓடத் தொடங்கும். விரல் வைத்துச் சத்தத்தைத் திறக்கிறவர் எத்தனை பேர்? வட்ஸ்அப் குரூப்பில் வந்ததை பஸ்ஸில் இருந்து பார்க்கிறவர் சத்தத்தைத் திறப்பாரா? நான் நாலு தரம் வாசித்து, ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி, சபை வாரியம் என்று சண்டை பிடித்த அந்த ஸ்கிரிப்டை ஏறக்குறைய யாருமே கேட்கவில்லை. அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு படமும் ஒரு மானும்தான். ஸ்கிரிப்டில் பொய் இருக்கிறதா என்று தேடுவதற்கு எனக்குத் தெரிந்திருந்தது. படத்தில் பொய் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. புகைபோக்கி, நிழல் எல்லாம் நான் பிடித்தது சாமான் பிழை. அந்தக் கட்டத்தில் சாமான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீடு நம்மட வீடு, தெரு நம்மட தெரு, பனலின் சரிவுகூடச் சரி.

ஸ்டூடியோவுக்கு எடுத்தேன். அந்தப் பிள்ளை பாவம், "அண்ணா, நீங்க தம்ஸ்அப் போட்டீங்களே" என்றது. ஓம், போட்டேன். அந்த ஆறு விநாடியை வெட்டி எடுத்துத் தந்தார்கள், அதற்குக் காசும் வாங்கவில்லை. பேஸ்புக்கில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். ஆனால் வட்ஸ்அப்பில் போனது போனதுதான். போன மாதம்கூட மூதூரில் இருந்து ஒருவர் கடைக்கு வந்து, போனைத் திறந்து, இந்த மாதிரி வேணும் என்று மஞ்சள் ஜன்னலைக் காட்டினார்.

கத்தரிக்கோல்

ரீச்சரிடம் நேரில் போனேன். பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் போட்டால் கரண்ட் போனாலும் ஓடும், ஆனால் செலவு இவ்வளவு என்று சொன்னேன். என் லாபத்தை விட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன். கணக்கைக் கேட்டுவிட்டு, வருஷத்தில் இரண்டு நாளைக்கு அவ்வளவு காசோ, என்னட்டப் பனையோலை விசிறி இருக்கு தம்பி என்றார். பில் குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான், அதையும் சொன்னார். பிறகு கேட்டார்: "ஏன் நிக்குது எண்டதை மட்டும் எனக்கு விளங்கப்படுத்துங்கோ."

இதைத்தான் நான் முதல் நாளே படமாகச் செய்திருக்க வேண்டும் என்று அந்த வசனத்தைக் கேட்டபோது பட்டது. சோலாரால் பில் குறையும் என்பதை விளங்கப்படுத்த அனிமேஷன் தேவையே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பில் போதும். கூரை நிறைய வெயில் இருக்க உள்ளே ஃபேன் நிற்பது ஏன் என்பதுதான் வாயால் சொல்லி விளங்காத விஷயம். காசு கொடுத்து வரைவிக்க வேண்டியது அது ஒன்றுதான், அதைத்தான் நான் குறை என்று வெட்டினேன்.

முதலில் சுருதியை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிற மாதிரி, லைனில் வருகிற கரண்ட் விநாடிக்கு 50 தரம் ஏறி இறங்குகிறது, இன்வேர்ட்டர் அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கும், ஒத்து நின்றால் இதுவும் நிற்கும் என்று. எனக்கு நல்ல உவமையாகத்தான் பட்டது. ரீச்சர் கேட்டுவிட்டு, நல்ல வித்துவான் ஒத்து இல்லாட்டியும் வாசிப்பாரே என்றார். அதோடு அது போனது. பிறகு தெருவில் இருக்கிற போஸ்டைக் காட்டினேன். கரண்ட் போனதும் சபை ஆள் ஒருவர் அதில் ஏறுவார். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கையை வைப்பார். அந்த நேரம் உங்கட கூரையில் இருந்து கரண்ட் லைனுக்குப் போனால்? ரீச்சர் நெஞ்சில் கையை வைத்தார். அதனால்தான் லைன் செத்ததும் ஓரிரு விநாடிக்குள் இன்வேர்ட்டர் தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது, அப்படிச் செய்யாத இன்வேர்ட்டரை லைனோடு இணைக்கவே விடமாட்டார்கள் என்றேன். "இதை முதலே சொல்லியிருந்தா நான் போனே எடுத்திருக்க மாட்டனே" என்றார்.

இந்த மாதிரி வீடியோக்களின் தொடக்கம் எங்கே என்று பிறகு தேடிப் பார்த்தேன். எனக்குப் படம் விற்க வந்தபோது ஸ்டூடியோப் பிள்ளைகள் டிராப்பாக்ஸ் கதையைச் சொல்லியிருந்தார்கள், 2009இல் தன் முகப்புப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடியோவைப் போட்டு சனத்தைச் சேர்த்த கொம்பனி என்று. அந்த வீடியோவைச் செய்தது காமன் கிராஃப்ட் என்ற பெயரில் சியாட்டிலில் இருந்து வேலை செய்த ஒரு தம்பதி. 2007இல் இருந்தே இப்படிச் செய்து வந்தவர்கள். அவர்களின் பழைய படங்களைத் தேடிப் பார்த்தால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெள்ளைப் பலகை. அதில் கடதாசியில் வெட்டின உருவங்கள். மேலே இருந்து ஒரு கமரா. ஒரு கை வந்து கடதாசியைத் தள்ளும், எடுக்கும், வைக்கும். பகட்டு வண்ணம் இல்லை, மான் இல்லை. ஆனால் கை எதைத் தள்ளுகிறதோ அதைத் தவிர வேறு எதுவும் படத்தில் நடக்காது. வெளிச்சத்தைக் காட்ட இருட்டு வேண்டும் என்று யாரும் சேர்க்க அங்கே இடமே இல்லை.

அன்று இரவு மகளின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தேன். ஒரு வீடு, ஒரு போஸ்ட், ஒரு ஆள், நூலில் ஒரு லைன். மஞ்சள் கடதாசியில் வெட்டின அம்புக்குறிகள்தான் கரண்ட். போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவில் ஒரு அடிமட்டத்தில் கட்டி வைத்தோம். வெயில் வருகிறது, அம்பு வீட்டுக்குள் போகிறது, மிச்ச அம்பு லைனுக்குப் போகிறது. லைன் அறுகிறது. என் கை வந்து வீட்டில் இருந்து போகிற அம்பை எல்லாம் எடுத்துவிடுகிறது. ஆள் போஸ்டில் ஏறுகிறார். 40 விநாடி. சத்தம் இல்லை. என் நகத்தில் சிலிக்கன் ஒட்டிக் கிடந்தது அப்படியே தெரியும்.

யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை இந்த முறை. போனைக் கொடுத்து, சத்தம் இல்லாமல், என்ன சொல்லுது என்று மட்டும் கேட்டேன். மனைவி, ஏகாம்பரம் வீதியில் பக்கத்துக் கடைக்காரர், சோலாரே தெரியாத ஓட்டோ அண்ணை. ஓட்டோ அண்ணைக்கு அம்பு என்ன என்றே விளங்கவில்லை, தண்ணி ஓடுது என்று நினைத்தார். அம்பை எடுத்துவிட்டு மின்னல் வடிவத்தில் வெட்டினோம். அடுத்த ஆளுக்கு, வீட்டுக்காரர் கோபத்தில் சபைக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டார் என்று விளங்கியது. அதுவும் நியாயமான வாசிப்புத்தான், அந்தக் கை என் கையாக இருந்ததால் வந்த பிழை. கையை எடுத்துவிட்டு, இன்வேர்ட்டர் பெட்டிக்குக் கடதாசியில் ஒரு கதவு வெட்டி, லைன் அறுந்ததும் அந்தக் கதவு தானே மூடுகிற மாதிரி நூல் கட்டினோம். நாலு இரவு போனது. கடதாசிதானே, மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதே நாலு மாற்றத்தை அனிமேஷன் முடிந்த பிறகு கேட்டிருந்தால் இன்னொரு பனல் விலை போயிருக்கும்.

அதே வருஷம் சித்திரைப் புதுவருஷ விடுமுறையில், பாவனை குறைவு, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று சபை கேட்டபோது கடைக்கு வந்த கேள்விகள் வேறு. அதற்கும் ஒரு கடதாசி வெட்டக் கிடக்கிறது. இன்னும் வெட்டவில்லை.

கொழும்புப் பிள்ளைக்கு 40 விநாடியையும் அனுப்பி, இதை அனிமேஷனாகச் செய்து தாருங்கள், இந்த முறை ஸ்கிரிப்ட் இதுதான், இதில் நடக்காத ஒன்றும் உங்கட படத்தில் நடக்கக் கூடாது என்று எழுதினேன். மான் வேண்டாமா அண்ணா என்று கேட்டுப் பதில் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அதற்கு முதல் ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முத்தத்தில் கதிரை போட்டு இருந்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். என்ன சொல்லுது ரீச்சர் என்று கேட்டேன். லைன் செத்ததும் பெட்டி கதவைச் சாத்துது, மேல நிக்கிற ஆளைக் காப்பாத்த என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. போனைத் திருப்பித் தருவதற்கு முன் இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, அவ்வளவு உசரத்தில ஏறுறார். ஹெல்மெட் எங்க?"

வீட்டுக்கு வந்து தேடினோம், மஞ்சள் கடதாசி எல்லாம் மின்னலுக்கு முடிந்துவிட்டது. மகள் குளியலறையில் இருந்து ஒரு சவர்க்காரப் பெட்டியைக் கொண்டுவந்து மூலையை வெட்டித் தந்தாள். ஆளின் தலையைவிட ஹெல்மெட் பெரிதாக இருந்தது. அப்படியே ஒட்டிவிட்டோம்.